வீட்டு வெள்ளை பிரெட்: மறுநாளும் மெத்தென்று இருக்க என்ன வழி?

வாசுகி_அண்ணாநகர்

எல்லோருக்கும் வணக்கம். பிள்ளைகளின் டிபன் பாக்ஸுக்காக வெள்ளை பிரெட் வீட்டிலேயே செய்கிறேன். சுட்ட அன்று மாலை அருமையாக இருக்கிறது, எதுவும் தடவாமலே தின்று தீர்க்கிறார்கள். மறுநாள் காலையில் கத்தி வைத்தால் தூள் தூளாக உதிர்கிறது, சாண்ட்விச்சுக்கு மடித்தால் நடுவில் பிளந்து போகிறது.

என் அளவு: மைதா 3 கப், காய்ச்சி ஆறிய பால் 1 கப், சர்க்கரை 1 மேசைக்கரண்டி, உப்பு 1 தேக்கரண்டி, இன்ஸ்டன்ட் ஈஸ்ட் 2 தேக்கரண்டி, எண்ணெய் 2 மேசைக்கரண்டி. முட்டை சேர்ப்பதில்லை. 10 நிமிடம் பிசைந்து 1 மணி நேரம் மூடி வைப்பேன், டின்னில் போட்டு மறுபடி 1 மணி நேரம், அப்புறம் ஓடிஜியில் (சின்ன மின்சார ஓவன்) 200 டிகிரியில் 40 நிமிடம். ஆறியதும் டப்பாவில் போட்டு ஃபிரிட்ஜில் வைத்துவிடுவேன்.

பேக்கரி சாமான் கடையில் பிரெட் இம்ப்ரூவர் என்று ஒரு பொடி விற்கிறார்கள், அது போட்டால் சரியாகும் என்கிறார்கள். போடலாமா? பிள்ளைகள் தினமும் சாப்பிடுவது என்பதால் யோசனையாக இருக்கிறது.

மதுரை பேக்கரிக்காரன்

அக்கா, பொடி எதுவும் வேண்டாம், முதலில் ஒரு சமையலறைத் தராசு வாங்குங்கள். உங்கள் அளவை எடையாக மாற்றிப் பார்த்தேன். மைதா கப்புக்கு 130 கிராம் என்று வைத்தால் 3 கப் 390 கிராம். பால் 240 மி.லி., ஆனால் பால் முழுக்கத் தண்ணீர் இல்லை, நூற்றுக்கு 87 பங்குதான் தண்ணீர், ஆக சுமார் 210. அதாவது மாவின் எடையில் 54 சதவீதம் ஈரம். இது பூரி மாவுக்குப் பக்கத்தில் நிற்கிற ஈரம். எங்கள் கடையில் சாண்ட்விச் பிரெட்டுக்கு 62க்குக் கீழே நாங்கள் போவதே இல்லை.

ஈரம் குறைந்தால் அன்றைக்குத் தெரியாது, ஏனென்றால் சூட்டோடு எந்த ரொட்டியும் மென்மையாகத்தான் இருக்கும். மறுநாள்தான் குட்டு வெளிப்படும். அதோடு 200 டிகிரியில் 40 நிமிடம் என்பது இருக்கிற ஈரத்தையும் விரட்டிவிடும்.

நான் சொல்வது இப்படி: மைதா 400 கிராம், பால் 150 மி.லி., தண்ணீர் 120 மி.லி., சர்க்கரை 28 கிராம், உப்பு 7 கிராம், இன்ஸ்டன்ட் ஈஸ்ட் 4 கிராம், வெண்ணெய் 30 கிராம். வெண்ணெயைக் கடைசியில்தான் சேர்க்க வேண்டும், மாவு பிசைந்து கொஞ்சம் இழுவை வந்த பிறகு. முதலிலேயே கொட்டினால் கொழுப்பு மாவைப் பூசிக்கொண்டு தண்ணீரை உள்ளே விடாது, குளூட்டன், அதாவது மாவுக்கு இழுவை தருகிற புரத வலை, உருவாக நேரமாகும். 185 டிகிரி, 30 நிமிடம் போதும்.

ஈரோடு_செல்வி

மதுரை அண்ணா சொல்கிற ஈரம் எனக்கும் சரிதான், ஆனால் இதைப் படித்துவிட்டு செய்யப் போகிறவர்களுக்கு ஒரு எச்சரிக்கை சொல்ல வேண்டும். 63 சதவீதம் ஈரத்தில் நம் மைதா கையில் பிசுபிசுவென்று ஒட்டும், உடனே பயந்துபோய் எல்லோரும் மாவு தூவ ஆரம்பிப்பார்கள், தூவித் தூவி மறுபடி பூரி மாவுக்கே வந்து நிற்பார்கள். வெளிநாட்டு வீடியோக்களில் காட்டுவது 12, 13 சதவீதம் புரதம் உள்ள பிரெட் மாவு. நம் கடை மைதாவில் பெரும்பாலும் 9 முதல் 11தான். பாக்கெட்டின் பின்பக்கம் 100 கிராமுக்குப் புரதம் எவ்வளவு என்று போட்டிருக்கும், வாங்கும்போதே பாருங்கள்.

நான் குளூட்டன் பொடி சேர்க்கிறேன். அதில் 75 சதவீதம் அளவுக்குப் புரதம் இருக்கும். 10 சதவீத மைதா 400 கிராமில் 40 கிராம் புரதம்; அதில் 10 கிராம் குளூட்டன் பொடி கலந்தால் 47 ஆகும், அதாவது பதினொன்றரை சதவீதம் வந்துவிடுகிறது. வித்தியாசம் கையிலேயே தெரிகிறது.

மதுரை பேக்கரிக்காரன்

செல்வி, போடுங்கள், தப்பே இல்லை. ஆனால் அது இல்லாமல் முடியாது என்று மட்டும் சொல்லாதீர்கள். இதே மைதாவைத்தான் எங்கள் ஊர் பரோட்டா மாஸ்டர் வீசி வீசி மறுபக்கம் தெரிகிற அளவுக்கு இழுக்கிறார். அவர் குளூட்டன் பொடியா போடுகிறார்? நிறையத் தண்ணீர் விட்டுப் பிசைந்து, எண்ணெய் பூசி, ஈரத்துணி போட்டு மணிக்கணக்கில் விட்டுவிடுகிறார். மாவு தானாகவே தண்ணீரைக் குடித்து இளகுகிறது. நம் மைதாவுக்கு வேண்டியது அந்த ஓய்வு. அதை யாரும் கொடுப்பதில்லை.

மைதா, பால், தண்ணீர் மூன்றை மட்டும் கலந்து 30 நிமிடம் மூடி வைத்துவிடுங்கள். உப்பு, சர்க்கரை, ஈஸ்ட் எல்லாம் அதற்குப் பிறகு. திறந்து பார்த்தால் முதலில் ஒட்டியது பாதிக்குப் பாதி குறைந்திருக்கும், பிசைகிற வேலையும் குறையும். அதற்குப் பிறகும் ஒட்டினால் மாவு தூவாதீர்கள், கையில் ஒரு சொட்டு எண்ணெய் தொட்டுக்கொண்டு, மாவைத் தூக்கி மேடையில் அடித்து மடித்துப் பிசையுங்கள். போதுமா என்று பார்க்க, எலுமிச்சை அளவு எடுத்து இரண்டு கையாலும் மெதுவாக இழுங்கள், கிழியாமல் வெளிச்சம் தெரிகிற சவ்வு வந்தால் முடிந்தது. கையால் பிசைந்தால் 15 முதல் 20 நிமிடம் ஆகும். 10 நிமிடத்தில் பெரும்பாலும் வராது.

ரொறன்ரோ தீபன்

எல்லாருக்கும் வணக்கம். நான் யாழ்ப்பாணம், இப்ப இருக்கிறது கனடாவில். இங்கே சாதாரண ஆல் பர்ப்பஸ் மாவிலேயே 12, 13 சதவீதம் புரதம் இருக்கிறது, வன்மையான கோதுமையில் அரைப்பது. அதனால் எனக்கு மாப் பிரச்சினை இல்லை, குளிர்தான் பிரச்சினை. மாரி காலத்தில் குசினி 19, 20 டிகிரியில் கிடக்கும், மா பொங்க இரண்டு மணித்தியாலத்துக்கு மேலே போகும். ஓவனுக்குள்ளே லைட்டை மட்டும் போட்டுவிட்டு உள்ளே வைத்துவிடுவேன், அந்தச் சூடு காணும்.

ஆனால் நான் சொல்ல வந்தது வேறே. ஊரில் விறகுப் போறணையில், அதாவது விறகு அடுப்பில், சுடுகிற பாணில் (பிரெட்டைத்தான் நாங்கள் பாண் என்பது) பாலும் இல்லை, பட்டரும் இல்லை. கோதுமை மா, தண்ணீர், உப்பு, ஈஸ்ட், கொஞ்சம் சீனி, அவ்வளவுதான். பின்னேரம் சுடச்சுட ஒரு இறாத்தல் பாண் வாங்கி வந்தால் மேலே மொறுமொறு, உள்ளே பஞ்சு. சம்பலோடு சாப்பிட அதுக்கு நிகர் இல்லை. அதுவும் அடுத்தநாள் காய்ந்துதான் போகும், ஆனால் அதை அடுத்தநாளுக்கு என்று ஒருவரும் வைக்கிறதில்லை, காலமைக்குப் புதுப் பாண் வந்துவிடும்.

அதனால் வாசுகி அக்கா, மென்மை என்பதும் மென்மை நீடிப்பது என்பதும் இரண்டு வேறு விசயம். முதலாவதுக்கு நல்லாகக் குழைத்து நல்லாகப் பொங்க விட்டால் காணும். இரண்டாவதுக்குத்தான் பால், சீனி, கொழுப்பு எல்லாம் தேவை. உங்களுக்கு வேண்டியது இரண்டாவது.

மாவுக்கணக்கு

தீபன் பிரித்துச் சொன்னது மிக முக்கியம், அதைக் கொஞ்சம் விரிக்கிறேன். நான் உணவுத் தொழில்நுட்பம் கற்பிக்கிறவள்.

ரொட்டி மறுநாள் கெட்டியாவது ஈரம் போவதால் என்றுதான் எல்லோரும் நினைக்கிறோம். அது பாதிதான். 1852ஆம் ஆண்டிலேயே பூசிங்கோ என்ற பிரெஞ்சு வேதியியலாளர், ஈரம் வெளியே போக முடியாதபடி அடைத்து வைத்த ரொட்டியும் பழசாகிறது என்று காட்டினார். அதை மறுபடி சூடாக்கினால் புதிது போல் ஆகிறது என்பதையும் காட்டினார். காரணம் மாவுச்சத்து. அடுப்பில் வேகும்போது மாவுச்சத்து மணிகள் தண்ணீரைக் குடித்து உப்பி நெகிழ்கின்றன. ஆறிய பிறகு அந்த மூலக்கூறுகள் மெல்ல மெல்ல மறுபடி வரிசை கட்டி இறுகுகின்றன. பழைய சாதம் ஃபிரிட்ஜில் விறைத்து, ஆவியில் வைத்தால் இளகுகிறதே, இரண்டும் ஒரே வேலைதான்.

இந்த இறுக்கம் மிக வேகமாக நடப்பது உறைநிலைக்குச் சற்று மேலே, அதாவது நம் ஃபிரிட்ஜின் 4 டிகிரி வெப்பநிலையில். வாசுகி, உங்கள் பிரெட்டை அதிகம் கெடுப்பது அந்த ஃபிரிட்ஜ்தான். ஃபிரீசரில் வைத்தால் அப்படி ஆகாது, அந்தக் குளிரில் இறுக்கம் கிட்டத்தட்ட நின்றுவிடும். அதனால் முழுவதும் ஆறியதும் துண்டு போட்டு, அன்றைக்கும் மறுநாளைக்கும் வேண்டியதை வெளியே காற்றுப் புகாத பையில் வைத்துக்கொண்டு, மிச்சத்தை ஃபிரீசரில் போடுங்கள். காலையில் எடுத்து அப்படியே தோசைக்கல்லில் போட்டாலும் சரி, டிபன் பாக்ஸில் கட்டினாலும் சரி, பள்ளியில் மணி அடிப்பதற்குள் இளகிவிடும்.

கொழுப்பும் பாலும் இந்த இறுக்கத்தைத் தள்ளிப் போடுகின்றன, சர்க்கரை ஈரத்தைப் பிடித்து வைக்கிறது. ஆனால் சர்க்கரை மாவின் எடையில் 10 சதவீதத்தைத் தாண்டினால் ஈஸ்டிடமிருந்தே தண்ணீரை இழுத்துக்கொள்ளும், பொங்குவது மந்தமாகும். மதுரைக்காரர் சொன்ன 28 கிராம் என்பது 7 சதவீதம், அது நல்ல அளவு.

ஈரோடு_செல்வி

அக்கா, டாங்ஜோங் என்கிற கூழ் முறை பற்றிச் சொல்லுங்களேன். நான் அதைச் செய்ய ஆரம்பித்த பிறகு மூன்றாவது நாள்கூட மென்மையாக இருக்கிறது.

மாவுக்கணக்கு

சொல்கிறேன். மொத்த மாவிலிருந்து கொஞ்சம் எடுத்து, அதன் எடையைப் போல் 5 மடங்கு தண்ணீரில் கரைத்து, 65 டிகிரி வரை கிளறிச் சூடாக்கினால் கூழாகும். தெர்மாமீட்டர் தேவையில்லை, கரண்டியால் கோடு இழுத்தால் கோடு மூடாமல் நிற்க வேண்டும், அதுதான் பதம். ஜப்பானில் இதையே கொதிநீரைச் சம எடை மாவில் ஊற்றிக் கிளறிச் செய்கிறார்கள், அங்கே ஷோகுபான் என்கிற பால் பிரெட்டின் பஞ்சு மென்மைக்கு அதுவும் ஒரு காரணம். தைவான் வழியாகத்தான் கூழ் முறை உலகம் முழுக்கப் பரவியது.

நமக்கு இது புதிய வித்தை இல்லை, இடியாப்ப மாவுக்குக் கொதிக்கிற தண்ணீரை ஊற்றிக் கிளறுகிறோமே, அதே மாவுச்சத்து வேலை. பச்சை மாவு பிடித்து வைப்பதைவிடப் பல மடங்கு தண்ணீரை வெந்த மாவுச்சத்து பிடித்து வைக்கும். அதனால் மொத்த ஈரத்தை 68, 70 சதவீதம் வரை ஏற்றினாலும் கையில் ஒட்டாது. அந்த ஈரம் சுட்ட பிறகும் உள்ளேயே இருக்கும்.

மதுரைக்காரர் அளவில் செய்வதென்றால், 400 கிராம் மைதாவில் 25 கிராம் எடுத்து 125 மி.லி. தண்ணீரில் கூழாக்கி நன்றாக ஆற விடுங்கள். மீதி 375 கிராம் மைதாவோடு அந்தக் கூழ், பால் 150 மி.லி., பிறகு பதம் பார்த்து ஒரு 20, 25 மி.லி. தண்ணீர். கூழ் சூடாக இருக்கும்போது ஈஸ்டைப் போட்டுவிடாதீர்கள், 55 டிகிரியைத் தாண்டினால் ஈஸ்ட் சாக ஆரம்பிக்கும்.

மதுரை பேக்கரிக்காரன்

இதில் எனக்குக் கொஞ்சம் மாற்றுக் கருத்து உண்டு. கூழ் முறை நல்ல முறை, மறுக்கவில்லை. ஆனால் புதிதாகச் செய்கிறவர் முதலில் சாதா மாவைக் கை பழக வேண்டும். பிசைவதும் பொங்கும் பதமும் தெரியாமல் கூழை மட்டும் சேர்த்தால் மென்மை வராது, நடுவில் களி மாதிரி அடர்ந்து நிற்கும், அப்புறம் முறையையே குறை சொல்வார்கள். வாரம் ஒரு தடவை கூழ் இல்லாமல் செய்து கை பழகட்டும், பிறகு சேர்க்கட்டும்.

மாவுக்கணக்கு

வாரம் முழுக்க டிபன் பாக்ஸுக்குப் பிரெட் வேண்டும் என்கிற அம்மாவிடம் முதலில் கை பழகு என்று சொல்வது எனக்கு ஒப்பவில்லை. கூழ் கிளற 5 நிமிடம் ஆகுமா? பிசையும்போது ஒட்டாமல் இருப்பதால் புதியவருக்கு இதுதான் சுலபம் என்பேன். பொங்கும் பதத்தை எப்படியும் கற்றுத்தான் ஆக வேண்டும், அது இரண்டு வழியிலும் ஒன்றுதான்.

வாசுகி_அண்ணாநகர்

இரண்டு பேருக்கும் நன்றி, இவ்வளவு விவரம் எதிர்பார்க்கவில்லை. தராசு வாங்குகிறேன். பொங்கும் பதம் என்கிறீர்களே, அது என்ன? நான் கடிகாரம் பார்த்து 1 மணி நேரம்தான் வைக்கிறேன். அப்புறம் இம்ப்ரூவர் வேண்டாம் என்பதற்குக் காரணம் சொன்னால் நல்லது, கடைக்காரர் ரொம்ப உறுதியாகச் சொல்கிறார்.

மதுரை பேக்கரிக்காரன்

கடிகாரத்தை நம்பாதீர்கள் அக்கா. புத்தகத்தில் 1 மணி நேரம் என்று எழுதுகிறவர் 24 டிகிரி சமையலறையில் இருந்து எழுதுகிறார். சென்னையில் மே மாதம் உங்கள் சமையலறை 34, 35. அதில் 2 தேக்கரண்டி ஈஸ்ட் போட்டால் 35, 40 நிமிடத்திலேயே மாவு இரண்டு மடங்காகிவிடும், நீங்கள் 1 மணி நேரம் விட்டால் அளவுக்கு மீறிப் பொங்கி, குளூட்டன் வலை தளர்ந்து, அடுப்பில் வைத்ததும் மேலே எழும்பாமல் உட்கார்ந்துவிடும். உதிர்வதற்கு அதுவும் காரணம். புளிச்ச வாசனை, ஈஸ்ட் நாற்றம் வந்தால் அதுதான்.

கோடையில் செய்ய வேண்டியது: தண்ணீரும் பாலும் ஃபிரிட்ஜிலிருந்து எடுத்து ஜில்லென்றே ஊற்றுங்கள், ஈஸ்டை 3 கிராமாகக் குறையுங்கள். பிசைந்து முடித்த மாவு 26, 27 டிகிரியில் இருந்தால் சரியான வேகத்தில் பொங்கும். மிக்ஸியின் பிசையும் பாத்திரத்திலோ ஃபுட் பிராசசரிலோ பிசைகிறவர்கள் ஐஸ் தண்ணீரே ஊற்றலாம், அந்த மெஷின்கள் மாவைச் சூடாக்கிவிடும். டேபிள் டாப் கிரைண்டருக்கு மாவு பிசையும் பிளேடு தனியாக வரும், அது மெதுவாகச் சுற்றுவதால் சூடு ஏறாது, எனக்கு அது ரொம்பப் பிடிக்கும்.

பதம் பார்ப்பது: முதல் தடவை மாவு இரண்டு மடங்கு ஆக வேண்டும், விரலில் மாவு தொட்டுக் குத்தினால் குழி அப்படியே நிற்க வேண்டும். டின்னில் போட்ட பிறகு வேறு கணக்கு. டின் விளிம்புக்கு மேலே ஒரு விரல் தடிமன் எழும்பியதும், ஓரத்தில் லேசாக அழுத்துங்கள். குழி உடனே துள்ளி எழுந்தால் இன்னும் நேரம் வேண்டும். மெதுவாக எழுந்து பாதியில் நின்றால் உடனே அடுப்பில் வையுங்கள். எழவே இல்லை என்றால் நேரம் தாண்டிவிட்டது. ஓடிஜி சூடாக 15 நிமிடமாவது ஆகும் என்பதால் டின் விளிம்பைத் தொடும்போதே அடுப்பைப் போட்டுவிடுங்கள்.

மாவுக்கணக்கு

இம்ப்ரூவர் பற்றி. பிரிட்டனில் சோர்லிவுட் என்ற ஊரிலிருந்த பேக்கரி ஆராய்ச்சிக் கூடத்தில் 1961இல் ஒரு முறை கண்டுபிடித்தார்கள். மாவை மிக வேகமாக, சில நிமிடங்களிலேயே பிசைந்து, மணிக்கணக்கில் பொங்க விடுவதைத் தவிர்த்து, வைட்டமின் சி போன்ற ஆக்சிஜனேற்றப் பொருளும் கெட்டிக் கொழுப்பும் சேர்த்து ரொட்டி எடுக்கிற முறை. ஆலையில் நேரம்தான் பணம். அந்த நேரத்துக்குப் பதிலாகப் போடப்படுவதுதான் இம்ப்ரூவர். உங்களிடம் நேரம் இருக்கிறது, உங்களுக்கு அது தேவையில்லை.

பயமும் ஆதாரமில்லாமல் வந்ததல்ல. 2016இல் டெல்லியின் அறிவியல் மற்றும் சுற்றுச்சூழல் மையம் அங்கே விற்ற பிரெட், பன், பீட்சா முதலான 38 மாதிரிகளைச் சோதித்து, 84 சதவீதத்தில் இம்ப்ரூவராகப் போடுகிற பொட்டாசியம் புரோமேட் அல்லது அயோடேட் இருந்ததாக அறிவித்தது. புரோமேட் புற்றுநோய் உண்டாக்கக்கூடியது என்று சந்தேகிக்கப்படுவது, பிரிட்டன் 1990லேயே தடை செய்துவிட்டது. அந்த அறிக்கை வந்த அடுத்த மாதமே நம் உணவுப் பாதுகாப்பு ஆணையம் புரோமேட்டை அனுமதிப் பட்டியலிலிருந்து எடுத்தது. இன்றைக்கு முறையான இம்ப்ரூவர்களில் வைட்டமின் சி, என்சைம்கள், எமல்சிஃபையர்கள்தான் இருக்கின்றன. உள்ளே என்ன என்று லேபிள் இல்லாமல் உதிரியாகக் கட்டித் தருவதை மட்டும் பிள்ளைகள் சாப்பாட்டில் சேர்க்காதீர்கள், அவ்வளவுதான் நான் சொல்வது.

நாகர்கோவில்_ஜெனி

எங்கள் பக்கம் மழைக்காலத்தில் வேறு தொல்லை. காற்றில் ஈரம், இரண்டாம் நாளே பூசணம் வந்துவிடும். போன மழைக்குப் பூசணம் இல்லாமலே உள்ளே பிசுபிசுவென்று, பிய்த்தால் நூல் மாதிரி இழுத்தது, அழுகிய பழ வாசனை. ஈரம் அதிகமானால் இப்படி ஆகுமா? அப்படியென்றால் 70 சதவீதம் ஈரம் எல்லாம் நம் ஊருக்கு ஒத்துவருமா?

மாவுக்கணக்கு

அது பேசில்லஸ் வகைப் பாக்டீரியா. மாவிலேயே அதன் வித்துகள் இருக்கும், அடுப்புச் சூட்டையும் தாங்கி நிற்கும், வெப்பமும் ஈரமும் கிடைத்தால் ரொட்டியின் நடுவிலிருந்து வேலையைத் தொடங்கும். வெந்தது போதாத ரொட்டியிலும், சூடு ஆறாமல் பையில் கட்டிய ரொட்டியிலும்தான் அதிகம் வரும். அந்த ரொட்டியைச் சாப்பிடக் கூடாது, வெளியே எறிந்துவிட்டு டின், பலகை, கத்தி எல்லாவற்றையும் வினிகர் போட்டுத் துடைத்துக் காய வையுங்கள்.

வராமல் தடுக்க, 400 கிராம் மைதாவுக்கு 1 தேக்கரண்டி வினிகர் தண்ணீரோடு சேருங்கள். புளிப்பு நாக்கில் தெரியாது. கடை பிரெட்டில் கால்சியம் புரோப்பியோனேட் போடுவது பூசணத்துக்கும் இதற்கும் சேர்த்துத்தான். கூழ் முறை ஒத்துவரும், ஆனால் நன்றாக வேக வேண்டும், நடுவில் தெர்மாமீட்டர் குத்தினால் 93, 95 டிகிரி காட்ட வேண்டும். மழைக்காலத்தில் ஒரு நாளைக்கு மேல் வெளியே வைக்காதீர்கள், எல்லாம் ஃபிரீசருக்குத்தான்.

ரொறன்ரோ தீபன்

ஓவன் பற்றி ஒன்று. அக்காவின் ஓடிஜி சின்னது என்றால் மேல் கம்பி பாணுக்குக் கிட்ட வந்து மேல்தோல் கருகும், உள்ளே வேகாது. டின்னைக் கடைசித் தட்டில் வையுங்கோ, மேலே கீழே இரண்டு கம்பியும் எரியட்டும், காற்றாடி வேண்டாம். 20 நிமிடத்தில் நிறம் வந்துவிட்டால் மேலே அலுமினியத் தாளை மெதுவாகப் போர்த்திவிடுங்கோ. வெளியே எடுத்தவுடன் டின்னிலிருந்து கழற்றிக் கம்பித் தட்டில் வைக்க வேணும், டின்னுக்குள்ளேயே விட்டால் அடி வியர்த்து ஊறிப்போகும். மேல்தோல் மெதுவாக வேணும் என்றால் சூட்டோடு பட்டர் பூசி மெல்லிய துணியால் மூடுங்கோ.

ஆறும் வரை வெட்டாமல் இருக்க வேணும். கஷ்டம்தான், வாசனைக்குப் பிள்ளைகள் சுற்றிச் சுற்றி வருவார்கள், ஆனால் ஒன்றரை மணித்தியாலமாவது விட்டால்தான் துண்டு ஒழுங்காக வரும். அவர்களுக்கு என்று மாவில் கொஞ்சம் கிள்ளி இரண்டு பணிஸாகச் சுட்டுக் கொடுத்துவிடுங்கோ.

திருச்சி_அறைவாசி

அண்ணா, அக்கா எல்லோருக்கும் வணக்கம். நாங்கள் மூன்று பேர் வாடகை அறையில் இருக்கிறோம், அடுப்பும் இரும்புக் கடாயும்தான் இருக்கிறது, ஓவன் வாங்குகிற நிலையில் இல்லை. இதே அளவில் கடாயில் செய்ய முடியுமா?

மதுரை பேக்கரிக்காரன்

முடியும் தம்பி, ஆனால் அளவைப் பாதியாக்கு. 200 கிராம் மைதாவுக்கு மேல் போகாதே, உயரமான ரொட்டி கடாயில் நடுவில் வேகாது. அடி கனமான கடாயில் ஒரு ஸ்டாண்ட் போட்டு, மூடி, நடுத்தீயில் 10 நிமிடம் சூடாக்கு. மாவை 6, 7 அங்குல வட்ட டின்னில் பன் உருண்டைகளாக ஒட்டி அடுக்கிப் பொங்க விடு, முழு ரொட்டியைவிட அது சீக்கிரம் வேகும். உள்ளே வைத்து இறுக்கி மூடி, சின்னத் தீயில் 30, 35 நிமிடம். மூடியில் தண்ணீர் கோத்து ரொட்டி மேல் சொட்டும், அதனால் மூடிக்கு உள்பக்கம் துணி கட்டி, நுனிகளை மேலே முடிந்துவிடு, தீப்பிடிக்காமல் பார்த்துக்கொள். மேலே நிறம் வராது. வெந்த பிறகு தோசைக்கல்லில் நெய் தடவி, தலைகீழாகப் போட்டு 2 நிமிடம் வைத்தால் சிவந்துவிடும். மெத்தென்று இருப்பதில் ஒரு குறையும் இருக்காது, ஆவி உள்ளேயே சுற்றுவதால் தோல் இன்னும் மென்மையாகவே இருக்கும்.

ஈரோடு_செல்வி

ஈஸ்ட் பற்றி யாரும் சொல்லவில்லையே. பாக்கெட்டைத் திறந்து அலமாரியில் வைத்தால் நம் வெயிலில் சீக்கிரமே வீரியம் போய்விடும். காற்றுப் புகாத குப்பியில் போட்டு ஃபிரீசரில் வையுங்கள், மாதக்கணக்கில் நிற்கும், எடுத்ததும் நேரே போடலாம். சந்தேகம் வந்தால் வெதுவெதுப்பான தண்ணீரில் ஒரு சிட்டிகை சர்க்கரையோடு கலந்து 10 நிமிடம் பாருங்கள், நுரைக்கவில்லை என்றால் மைதாவை வீணாக்க வேண்டாம். குண்டு குண்டாக இருக்கிற ஆக்டிவ் டிரை வகை என்றால் எப்படியும் கரைத்துத்தான் போட வேண்டும், அளவும் கால் பங்கு கூட்டிக்கொள்ளுங்கள், 4 கிராமுக்கு 5 கிராம்.

வாசுகி_அண்ணாநகர்

கடைசியாக ஒரு கேள்வி. என் டின்னுக்கு 400 கிராம் மைதா சரியா என்று எப்படித் தெரிந்துகொள்வது? கடையில் வாங்கும்போது அளவு எதுவும் எழுதித் தரவில்லை. ஒரு தடவை மாவு வழிந்து ஓடிஜி கம்பியில் ஒட்டிக்கொண்டது.

மதுரை பேக்கரிக்காரன்

சுலபம் அக்கா. தராசில் டின்னை வைத்து விளிம்பு வரை தண்ணீர் ஊற்றி, தண்ணீரின் எடையை மட்டும் பாருங்கள். அந்த எண்ணை 2.2ஆல் வகுத்தால் வருவதுதான் அந்த டின் தாங்குகிற பிசைந்த மாவின் எடை. நான் கொடுத்த அளவில் எல்லாம் சேர்த்துப் பிசைந்த மாவு 740 கிராம் வரும், அப்படியென்றால் டின் 1,600 மி.லி. அளவுக்குத் தண்ணீர் பிடிக்க வேண்டும். 1,400 பிடித்தால் 640 கிராம் மாவை மட்டும் டின்னில் போட்டுவிட்டு மிச்சம் 100 கிராமில் தீபன் சொன்ன மாதிரி இரண்டு பன் சுட்டுவிடுங்கள். டின்னின் நீளத்துக்கே மாவை இறுக்கமாகச் சுருட்டி, மடிப்பு அடியில் வருகிற மாதிரி வையுங்கள், தளர்வாகச் சுருட்டினால் துண்டு போடும்போது நடுவில் ஓட்டை தெரியும், ஜாம் ஒழுகும்.

மூடி போட்ட சதுர டின் என்றால் 2.2 இல்லை, கணக்கு வேறு. நீங்கள் அதை வாங்கும்போது கேளுங்கள், அதைத் தனியாக எழுதுகிறேன்.